முடிவறிந்த கதையும் முடிவறியா ஆட்டமும்: திருவள்ளூர்ப் பகுதிப் பாரதக் கூத்திலும் சடுகுடுவிலும் உணர்ச்சி இறுக்கம்

ஆய்வுச் சுருக்கம்

கதையிலும் விளையாட்டிலும் பார்வையாளரிடம் எழும் உணர்ச்சி இறுக்கத்திற்கு முடிவு தெரியாமையே காரணம் என்பது பொதுவான கருத்து. திருவள்ளூர் மாவட்டத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் நிகழும் பாரதக் கூத்து இக்கருத்திற்கு உடன்படுவதில்லை. அங்கே முடிவை அறியாதவர் எவரும் இலர். எனினும் இறுக்கம் குறைவதில்லை. அதே ஊர்களில் ஆடப்பெறும் சடுகுடுவில் முடிவு தெரியாது. ஆனால் முடியும் நேரம் தெரியும். இவ்விரண்டையும் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலின் துணையோடு ஒப்பிட்டு, இறுக்கத்திற்கு அடிப்படை தீர்வைத் தள்ளிப்போடும் காலமே என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. தொழிற்சாலைப் பணிமுறைகளுக்கு உட்பட்டுவிட்ட கும்மிடிப்பூண்டிப் பகுதியில் இம்முடிவு கூத்தின் எதிர்காலத்தைப் பற்றி என்ன உணர்த்துகிறது என்பதும் ஆராயப்படுகிறது.

திறவுச் சொற்கள்: பாரதக் கூத்து, படுகளம், மெய்ப்பாடு, சடுகுடு, உணர்ச்சி இறுக்கம், தொழிற்பகுதி.

முன்னுரை

துரியோதனன் தொடையில் அடிபட்டு வீழ்வான் என்பது பாரதக் கூத்தைக் காண வரும் சிறுவனுக்கும் தெரியும். சென்ற ஆண்டும் அவ்வாறே வீழ்ந்தான். வரும் ஆண்டும் வீழ்வான். இருப்பினும், படுகளத்தன்று காலையில் களத்தைச் சுற்றி நிற்கும் கூட்டத்தில் அழுகையும் ஆவேசமும் ஆண்டுதோறும் எழுகின்றன. முடிவை முன்பே அறிந்த கூட்டம் எதனை எதிர்பார்த்து இறுகுகிறது என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

திருவள்ளூர் மாவட்டம் 1997இல் பழைய செங்கல்பட்டு மாவட்டப் பரப்பிலிருந்து பிரிக்கப்பட்டது. தொண்டை மண்டலத்தின் வடபகுதியான இது, ஆந்திர எல்லையை ஒட்டியிருப்பதால் தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் ஊர்களை உடையது. திரௌபதி அம்மன் கோயில், தர்மராஜா கோயில் என்னும் பெயர்களால் வழங்கும் பாரதக் கோயில்கள் இப்பகுதியில் பரவலாக உள்ளன. சித்திரை தொடங்கி ஆடி வரையிலான மாதங்களில் இக்கோயில்களில் நிகழும் அக்னி வசந்த விழாவில் பாரதம் படிக்கப்பெறுகிறது, நடிக்கப்பெறுகிறது, தீமிதியோடு நிறைவுறுகிறது. மாவட்டத்தின் வடகிழக்கில், சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டிக் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பகுதி அமைந்துள்ளது. ஒரே நிலப்பரப்பில் விழாவின் காலமும் ஆலையின் காலமும் அருகருகே இயங்குவதால் மேற்கண்ட வினாவிற்கு இப்பகுதி ஏற்ற களமாகிறது.

இக்கட்டுரையில் ‘உணர்ச்சி இறுக்கம்’ என்பது, ஒரு நிகழ்வின் தீர்வை மனம் வேண்டி நிற்க, அத்தீர்வு தள்ளிப்போகும் நிலையைக் குறிக்கும். ‘உணர்ச்சிச் செறிவு’ என்பது அவ்விறுக்கம் உச்சம் அடையும்போது உடலில் வெளிப்படும் அளவைக் குறிக்கும். முன்னது காலத்தைச் சார்ந்தது. பின்னது கணத்தைச் சார்ந்தது. இவ்வேறுபாடு கட்டுரை முழுவதும் பேணப்படுகிறது.

மெய்ப்பாட்டியல் தரும் அடிப்படை

நிகழ்த்துகலையையும் விளையாட்டையும் ஒரே கட்டுரையில் வைத்துப் பேசுவது புதுமையன்று. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலின் தொடக்கத்திலேயே, மெய்ப்பாட்டுப் பொருள்கள் தோன்றும் இடமாகப் ‘பண்ணை’யைச் சுட்டுகிறார். அச்சொல்லுக்கு விளையாட்டு என்று உரியியலில் அவரே பொருள் தருகிறார். உரையாசிரியரான பேராசிரியர் இதனை ஆடலும் பாடலும் கண்டும் கேட்டும் நுகரும் இன்ப விளையாட்டாக விளக்குகிறார். ஆக, உணர்ச்சியைப் பற்றிய பழந்தமிழ்க் கோட்பாடு, ஆடுவோரும் காண்போரும் கூடிய இடத்திலிருந்தே தொடங்குகிறது.

நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்னும் எட்டு மெய்ப்பாடுகள் ஒவ்வொன்றிற்கும் நான்கு நிலைக்களன்கள் கூறப்பட்டுள்ளன. அவற்றுள் சில இங்குக் கருதத்தக்கன. அழுகையின் களன்கள் இளிவு, இழவு, அசைவு, வறுமை. வெகுளியின் களன்கள் உறுப்பறை, குடிகோள், அலை, கொலை. பெருமிதத்தின் களன்கள் கல்வி, தறுகண், இசைமை, கொடை. உவகையின் களன்களுள் ஒன்றாக விளையாட்டே வைக்கப்பட்டுள்ளது.

திரௌபதியின் துகிலுரிதலை இவ்வட்டவணையில் வைத்துப் பார்க்கும்போது ஓர் உண்மை புலப்படும். அவைநடுவே அடையும் இழிவு அழுகைக்கும், குடிக்கு நேர்ந்த கேடும் கூந்தல் பற்றி அலைக்கப்படுவதும் வெகுளிக்கும் களனாகின்றன. அழுகை அப்பொழுதே வெளிப்பட்டுத் தணியக்கூடியது. வெகுளியோ எதிர்ச்செயலை வேண்டுவது. அச்செயல் நிகழும்வரை அது தீர்வதில்லை. பாரதக் கூத்து, அழுகையை ஒரே இரவில் வெளிப்படுத்திவிட்டு, வெகுளியைப் படுகளம் வரை சுமந்து செல்லும் கலை எனலாம். இறுக்கம் பிறப்பது இந்தச் சுமத்தலில்தான்.

விழாவின் மூன்று அடுக்குகள்

அக்னி வசந்த விழா பெரும்பாலும் பத்து நாள்களுக்கு மேல் நிகழ்வது. பதினெட்டு நாள் விழாவும் உண்டு. இதில் பாரதம் மூன்று வழிகளில் மக்களை அடைகிறது. பிற்பகலில் பிரசங்கியார் வில்லிபுத்தூராரின் பாரதத்தைப் பாடிப் பொருள் கூறுகிறார். தொண்டை மண்டலத்து முதலம்பேட்டு நல்லாப்பிள்ளையின் விரிந்த பாரதமும் இம்மரபிற்குத் துணைநின்றுள்ளது. இரவில் கூத்துக் குழுவினர் அதனை ஆடிக் காட்டுகின்றனர். கோயில் சடங்காக அம்மன் திருக்கலியாணம், அர்ச்சுனன் தபசு, படுகளம், தீமிதி முதலியன நிகழ்கின்றன. இம்முக்கூட்டு அமைப்பை ஆல்ஃப் ஹில்டபைட்டல் 1988, 1991 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த திரௌபதி வழிபாடு பற்றிய நூல்களிலும், ரிச்சர்டு ஃபிராஸ்கா 1990இல் வெளிவந்த தெருக்கூத்து நூலிலும் விரிவாக ஆராய்ந்துள்ளனர்.

இவ்வமைப்பினால் ஒரே நிகழ்ச்சியைப் பார்வையாளர் முதலில் செவியாலும், பின்னர்க் கண்ணாலும், இறுதியில் உடலாலும் சந்திக்கின்றனர். பிற்பகலில் கேட்டதே இரவில் வரப்போகிறது. அதாவது, முடிவை மறைப்பது இவ்விழாவின் நோக்கமன்று. முன்கூட்டியே அறிவித்துக் காத்திருக்கச் செய்வதே அதன் முறை.

இதோடு உடல்சார்ந்த காத்திருப்பும் சேர்கிறது. தீமிதிப்போர் காப்புக் கட்டி நோன்பிருக்கின்றனர். கொடியேற்றத்திற்கும் தீமிதிக்கும் இடைப்பட்ட நாள்களில் கதை ஒருபுறம் நகர, நோன்பு மறுபுறம் நீள்கிறது. கதைமாந்தரின் தீராச் சபதமும் ஊராரின் முடியா நோன்பும் ஒரே நாளில் நிறைவெய்துமாறு விழா அமைந்துள்ளது.

கூத்து இறுக்கத்தைக் கட்டும் முறை

முதலாவது உத்தி திரை. தலைமை வேடங்கள் நேரே களத்திற்குள் நுழைவதில்லை. இருவர் பிடித்திருக்கும் திரைக்குப் பின்னின்று பாத்திரம் பாடும், அடவு வைக்கும், கிரீடத்தின் உச்சியோ பாதமோ மட்டும் தெரியும். கட்டியக்காரன் வினவ, வந்திருப்பவர் யார் என்பது பாட்டிலேயே வெளிப்படும். அவையோருக்கு வேடம் யார் என்பது முன்பே தெரியும்; இருந்தும் முகம் காட்டப்படும்வரை காத்திருக்கின்றனர். சிலப்பதிகார அரங்கேற்று காதை ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூவகைத் திரைகளைக் குறிப்பிடுவதை நோக்கத் தமிழ் அரங்கில் மறைத்துக் காட்டுதலின் பழைமை விளங்கும்.

இரண்டாவது கட்டியக்காரனின் நகை. அவன் கதைக்குள்ளும் வெளியிலும் நின்று பேசுபவன். பாண்டவர் காலத்தில் நின்றுகொண்டே ஊர் நடப்பைக் கேலி செய்பவன். இந்நகை இறுக்கத்தைக் குலைப்பதாகத் தோன்றினும், விடியும்வரை நீளும் நிகழ்த்துதலில் அது மூச்சுவிடும் இடமாகிறது. தொடர்ந்து இறுகியிருக்க எந்த அவையாலும் இயலாது. இறுக்கம் சற்றே தளர்ந்து மீண்டும் ஏறும்போதுதான் அதன் உயர்வு உணரப்படுகிறது.

மூன்றாவது, உச்சத்தில் நிறுத்துதல். துகிலுரிதல் இரவில், துச்சாதனன் சேலையைப் பற்றும் தறுவாயில் ஆட்டம் நிற்பதும், கற்பூரம் ஏற்றப்படுவதும், அச்செயலை நடிக்கவேண்டியிருப்பதற்காக வேடக்காரர் அம்மனிடம் பொறுத்தருள வேண்டுவதும் மரபு. நடிகருக்கு ஆவேசம் வருவதும், உடனிருப்போர் அவரைப் பிடித்துக்கொள்வதும் உண்டு. நாடக உத்தியாக மட்டும் பார்த்தால், கதை உச்சத்தை எட்டும் இடத்தில் அதனை இடைநிறுத்துவது துணிவான செயல். ஆனால், நிறுத்தத்தால் இறுக்கம் தளர்வதில்லை, மிகுகிறது. நடிப்பவரே அஞ்சும் செயல் என்பதை அவை கண்முன் காண்கிறது. மெய்ப்பாட்டியல் அச்சத்தின் களன்களுள் அணங்கை முதலில் வைத்திருப்பது இங்கு நினைக்கத்தக்கது.

நான்காவது, தனித்தன்மை வாய்ந்தது: அவிழ்ந்த கூந்தல். துரியோதனன் குருதி தோயும்வரை கூந்தலை முடிப்பதில்லை எனத் திரௌபதி சபதம் செய்கிறாள். அந்த இரவு முடிந்தாலும் அக்கூந்தல் முடியப்படுவதில்லை. அர்ச்சுனன் தபசு, கீசகவதம், அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம் என்று இரவுகள் கடந்தும் அவிழ்ந்த கூந்தல் அவிழ்ந்தபடியே உள்ளது. தீராத வெகுளிக்குக் கண்ணால் காணத்தக்க ஓர் அடையாளத்தைக் கூத்து இவ்வாறு அளித்துவிடுகிறது. இடையில் ஓரிரவு வரத் தவறியவரும் மறுநாள் அக்கூந்தலைக் கண்டதும் கதை நிற்கும் இடத்தை அறிவர்.

பாரதியின் பாஞ்சாலி சபதத்தோடு இதனை ஒப்பிடலாம். 1912இல் முதற்பாகம் வெளிவந்த அந்நூல் சபதத்தோடு நின்றுவிடுகிறது. தீர்வு நூலுக்குள் இல்லை. விடுதலையை எதிர்நோக்கிய நாட்டில் அது வாசகரிடம் விடப்பட்டது. கூத்தோ சபதத்தைத் தொடக்கமாகக் கொண்டு, தீர்வை ஊராரின் கண்முன் நிறைவேற்றுகிறது.

அந்நிறைவே படுகளம். இரவுக் கூத்தின் தொடர்ச்சியாகப் பகலில், மண்ணால் தரையில் அமைக்கப்பட்ட துரியோதனனின் பேருருவைச் சுற்றி வீமன், துரியோதனன் வேடக்காரர்கள் பொருதுகின்றனர். உருவத்தின் தொடை அடிக்கப்படுகிறது, செந்நீர் வெளிப்படுகிறது, திரௌபதியின் கூந்தல் முடிக்கப்படுகிறது. பல ஊர்களில் துரியோதனன் மனைவி பெருந்திருவாளின் ஒப்பாரியும் உடன் நிகழ்கிறது. இங்கு வெகுளி தீர்வதும், இழவினால் அழுகை பிறப்பதும் ஒரே களத்தில் நடக்கின்றன. வென்றவர் பக்கம் நின்று காத்திருந்த அவை, தோற்றவனுக்காக அழுகிறது. கூத்தின் அறம் வெற்றியில் முடிவதில்லை என்பதை இவ்வொப்பாரி காட்டுகிறது. அன்று மாலை நிகழும் தீமிதியில், பல நாள்களாகத் திரண்ட உணர்ச்சி உடலின் வழியே வெளியேறுகிறது.

சடுகுடுவின் இறுக்கம்

இதே ஊர்களில் பொங்கலை ஒட்டியும் பிற விழாக் காலங்களிலும் சடுகுடுப் போட்டிகள் நடைபெறுவது வழக்கம். மின்விளக்குகள் கட்டி இரவில் நிகழ்த்தப்பெறுவன ‘மின்னொளி கபடி’ எனச் சுவரொட்டிகளில் அறிவிக்கப்படுகின்றன. ஊர்ப்புற வழக்கில், எதிரணிக்குள் செல்வதைப் ‘பாடிச் செல்லுதல்’ என்பர். ஒரே மூச்சில் பாட்டை விடாது பாடிக்கொண்டே தொட்டு மீளவேண்டும். மூச்சு விட்டால் ஆள் இழப்பு. ஆக, இவ்விளையாட்டின் கால அளவு முதலில் மனித மூச்சாகவே இருந்தது. 1990இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் கபடி பதக்கத்திற்குரிய விளையாட்டாகச் சேர்க்கப்பட்டது. இன்றைய விதிகளில் அணிக்கு எழுவர், இருபது நிமிடப் பாதிகள் இரண்டு, ஒரு பாடலுக்கு 30 வினாடி என வரையறை உள்ளது. மூச்சு செய்த பணியைக் கடிகாரமும் பகிர்ந்துகொண்டது.

பாடிச் செல்பவர் தனியர். எதிரே எழுவர் வரை நிற்பர். நடுக்கோட்டைக் கடந்தவுடன் அவர் தறுகண்மை சோதிக்கப்படுகிறது. எதிரணியினர் கைகோத்து வளைக்க வளைக்க, நடுக்கோட்டிற்கும் அவருக்கும் இடையிலான தொலைவு பார்வையாளர் கண்ணில் நீண்டுகொண்டே போகிறது. பிடிபட்ட பின்னரும் கோட்டை நோக்கி நீளும் கையின் கணம்தான் உச்சம். அதன்பின் ஆரவாரம்; உடனே அடுத்த பாடல். ஓர் ஆட்டத்தில் இச்சுழற்சி பலமுறை நிகழும்.

வெற்று முயற்சிகளால் இறுக்கம் தளர்வதைத் தவிர்க்கவும் விதி வகுக்கப்பட்டுள்ளது. 2014இல் தொடங்கிய புரோ கபடி லீக்கில், ஓரணி தொடர்ந்து இருமுறை புள்ளியின்றி மீண்டால், மூன்றாம் முறை புள்ளி பெற்றேயாக வேண்டும். இல்லையேல் சென்றவர் வெளியேற்றப்படுவார். ‘டூ ஆர் டை ரெய்டு’ எனப்படும் இவ்விதி, தீர்வைத் தள்ளிப்போடுவதற்கு ஓர் எல்லை இடுகிறது. கூத்தில் தள்ளிப்போடுதல் மரபால் காக்கப்படுகிறது; தொழில்முறைக் கபடியில் அது விதியால் தடுக்கப்படுகிறது. தொலைக்காட்சிக்கு ஏற்ற விளையாட்டு நீண்ட காத்திருப்பை ஏற்பதில்லை என்பதற்கு இது சான்று.

அறிவும் காலமும்: ஒப்பீடு

மேற்கண்டவற்றை இரு கூறுகளாகத் தொகுக்கலாம். கூத்தில் முடிவு தெரியும். அது வரும் கணம் நிச்சயமன்று. பாட்டு நீளலாம்; ஆவேசம் வரலாம்; நிறுத்தம் நீடிக்கலாம். சடுகுடுவில் முடிவு தெரியாது. ஆனால் 30 வினாடிக்குள் ஏதேனும் ஒன்று முடிந்துவிடும் என்பது தெரியும். ஒன்றில் காலம் திறந்தும் மற்றொன்றில் முடிவு திறந்தும் உள்ளன. இரண்டிலும் பொதுவாயிருப்பது முடிவு பற்றிய அறியாமையன்று. தீர்வுக்கும் மனத்திற்கும் இடையே வைக்கப்படும் இடைவெளியே.

பிற துறை ஆய்வுகளும் இதனை வலியுறுத்துகின்றன. ரிச்சர்டு கெரிக் 1989இல் வெளியிட்ட ஆய்வில், வாஷிங்டன் அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவரானார் என்பது போன்ற அனைவரும் அறிந்த செய்தியைக்கூட, அதற்கு இடையூறு நேர்வதாக அமைந்த கதையைப் படித்தவர்கள் உறுதிசெய்யக் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டதைக் காட்டினார். அறிந்த முடிவையும் கதை தற்காலிகமாக ஐயத்திற்கு உள்ளாக்குகிறது. திரைப்பட இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக், பிரான்சுவா த்ரூஃபோவுடன் நிகழ்த்திய உரையாடலில் மேசைக்கடியில் வைக்கப்பட்ட வெடிகுண்டை எடுத்துக்காட்டுகிறார். குண்டிருப்பது பார்வையாளருக்குத் தெரியாவிடில் கிடைப்பது சில வினாடி அதிர்ச்சி மட்டும். தெரிந்தால் வெடிக்கும்வரை நீளும் இறுக்கம் கிடைக்கும். ஈண்டு அறிதலே இறுக்கத்திற்கு வழி செய்கிறது.

எனினும், இவ்வெடுத்துக்காட்டுகள் தனி வாசகரையும் இருட்டறையில் அமர்ந்த பார்வையாளரையும் பற்றியன. கூத்தின் அவை அத்தகையதன்று. இவானா கொன்வலின்கா, திமித்ரிஸ் சிகாலதாஸ் முதலியோர் ஸ்பெயின் நாட்டுச் சான் பெத்ரோ மன்ரிக்கே என்னும் சிற்றூரின் தீமிதி விழாவை ஆராய்ந்து 2011இல் வெளியிட்ட முடிவு இங்குப் பொருந்தும். தீமிதிப்போரின் இதயத்துடிப்பும் அவர்தம் உறவினர், நண்பர்களான பார்வையாளரின் இதயத்துடிப்பும் ஒத்த போக்கில் அமைந்தன. தொடர்பற்ற பார்வையாளரிடம் அவ்வொப்புமை காணப்படவில்லை. கண்ணால் காணும் காட்சி இரு திறத்தார்க்கும் ஒன்றே, வேறுபட்டது உறவு. திரௌபதி அம்மன் விழாவில் நோன்பிருப்பவர் தம் மகனாகவோ அண்டை வீட்டாராகவோ இருக்கும்போது பார்வையாளர் அடையும் இறுக்கம், வெளியிலிருந்து ஒருநாள் வந்து காண்பவர்க்கு ஏன் முழுமையாகக் கிட்டுவதில்லை என்பதற்கு இவ்வாய்வு ஒரு விளக்கம் தருகிறது. சொந்த ஊர் அணி ஆடும் சடுகுடுவிற்கும் இது பொருந்தக்கூடியதே.

தொழிற்பகுதியின் காலம்

இறுக்கம் காலத்தைச் சார்ந்தது எனில், மக்களின் காலம் மாறும்போது இறுக்கமும் மாறவேண்டும். கும்மிடிப்பூண்டிப் பகுதியில் இம்மாற்றத்தைத் தெளிவாகக் காணலாம். இரும்பு உருக்கு, உருட்டாலைகள், வாகன உதிரிப்பாக ஆலைகள் முதலியன இயங்கும் இப்பகுதியில் பணி முறைமாற்று அடிப்படையில் நடைபெறுகிறது. இரவுப் பணிமுறை பொதுவாக இரவு 10 மணியளவில் தொடங்கிக் காலை 6 மணியளவில் முடியும். மரபான கூத்தும் ஏறத்தாழ இதே வேளையில்தான் நிகழ்வது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், பொது இடங்களில் ஒலிபெருக்கிகளுக்குத் தடை விதிக்கும் இரவு நேரமும் 10 முதல் 6 வரையே. பண்பாட்டு, சமய விழாக்களுக்கு ஆண்டில் 15 நாள்களுக்கு மிகாமல் நள்ளிரவு 12 மணிவரை தளர்வளிக்க அவ்விதிகள் மாநில அரசுக்கு இடமளிக்கின்றன. ஆலையும் சட்டமும் கூத்தும் ஒரே எட்டு மணி நேரத்தைக் கோருகின்றன.

சடுகுடுவிற்கு இந்நெருக்கடி குறைவு. மின்னொளிப் போட்டிக்குப் பணி முடிந்து எந்நேரம் வந்தாலும் அடுத்த ஆட்டத்தில் கலந்துகொள்ளலாம். அதன் இறுக்கம் ஒவ்வொரு பாடலிலும் புதிதாகத் தொடங்குவதால் முன்னைய ஆட்டத்தைக் காணாமை பெரிய இழப்பன்று. பிற மாநிலங்களிலிருந்து வந்து பணிபுரிவோரும் கபடியின் விதி அறிந்தவராதலால் மொழித் தடையின்றிக் கூடிநிற்க இயலும். கூத்துக்கு அவ்வசதி இல்லை. அது முன்னிரவுகளின் சுமையோடு வருவது. மொழியாலும் பாட்டாலும் நடைபெறுவது.

இச்சூழலில் கூத்தைச் சில மணி நேரத்திற்குச் சுருக்கலாமா என்னும் வினா எழுகிறது. நகர மேடைகளிலும் அரசு விழாக்களிலும் சுருக்கக் கூத்து ஏற்கெனவே நிலைபெற்றுவிட்டது. ஹன்னே டி புருயின் 1999இல் வெளியிட்ட கட்டைக்கூத்து பற்றிய நூல், சூழலுக்கேற்ப வளைந்துகொடுக்கும் தன்மையே இக்கலையின் இயல்பு என்பதை விளக்குகிறது. ஆகவே, சுருக்கம் எல்லாம் சிதைவு எனக் கூறுவது வரலாற்றிற்குப் பொருந்தாது. எதனைச் சுருக்குகிறோம் என்பதே கருதத்தக்கது.

இங்கு இரு நீளங்களைப் பிரித்தறிதல் வேண்டும். ஒன்று, ஓரிரவின் நீளம். மற்றொன்று, சபதத்திற்கும் படுகளத்திற்கும் இடைப்பட்ட விழாவின் நீளம். ஓரிரவின் கூத்து எட்டு மணியிலிருந்து நான்கு மணியாகக் குறைந்தால் அடவும் பாட்டும் கட்டியக்காரனின் உரையும் குறையும்; இது கலைக்கு இழப்பே. ஆயினும், அவிழ்ந்த கூந்தல் மறுநாளும் அவிழ்ந்தே இருக்கும், இறுக்கம் தொடரும். மாறாக, துகிலுரிதலையும் படுகளத்தையும் ஒரே மாலையில் அடுத்தடுத்துக் காட்டினால் இரண்டு உச்சங்கள் கிடைக்கும், இடைவெளி கிடைக்காது. உணர்ச்சிச் செறிவு இருக்கும். உணர்ச்சி இறுக்கம் இராது. சடுகுடுவின் உச்சக் கணங்களை மட்டும் தொகுத்துக் காட்டும் காணொளியைப் போன்றதாகிவிடும் அது. வியப்பு உண்டு, காத்திருப்பு இல்லை.

ஊர்கள் இவ்வேறுபாட்டை நடைமுறையில் உணர்ந்தே செயல்படுகின்றன எனலாம். தீமிதி ஞாயிற்றுக்கிழமையில் அமையுமாறு விழாவை வகுத்துக்கொள்ளும் வழக்கம் இம்மாவட்டத்தின் பல ஊர்களில் உள்ளது. பணிக்குச் செல்வோரும் வெளியூரில் குடியேறியோரும் படுகளத்திற்கும் தீமிதிக்கும் வந்துசேர இது வழிசெய்கிறது. ஆனால், இதில் ஒரு சிக்கலும் உண்டு. இறுதிநாளுக்கு மட்டும் வருபவர் தீர்வைக் காண்கிறார். அத்தீர்வுக்கான காத்திருப்பில் பங்குகொள்வதில்லை. அவர் கண்ணீர் பொய்யன்று. உறவும் நினைவும் அதனைத் தருகின்றன. ஆயினும், அந்நினைவு அவர் முன்பு முழு விழாவையும் கண்ட ஆண்டுகளிலிருந்து வருவது. இறுதிநாளை மட்டுமே கண்டு வளரும் தலைமுறைக்கு அந்நினைவு எங்கிருந்து கிட்டும் என்பதே கூத்தின் முன் நிற்கும் உண்மையான வினா.

பிற்பகல் பிரசங்கத்தின் மதிப்பு இங்கு மிகுகிறது. ஒலி விதிகளின் இரவுத் தடைக்கு உட்படாத அந்நேரத்தில் கதை நாள்தோறும் தொடர்கிறது. கூத்து இரவுகள் குறைந்த ஊரிலும் பிரசங்கம் நாள் தவறாது நிகழுமாயின் சபதத்திற்கும் தீர்வுக்கும் இடைப்பட்ட நாள்கள் வெறுமையாவதில்லை. கூத்துப் பாதுகாப்புத் திட்டங்கள் மேடை நிகழ்ச்சிகளுக்கும் குழுக்களுக்கும் மட்டும் உதவுவதோடு நில்லாமல், விழாத் தொடரையும் பிரசங்க மரபையும் கருத்தில் கொள்ளவேண்டியதன் காரணம் இதுவே.

முடிவுரை

இவ்வாய்வில் பெறப்படும் முடிவுகள் வருமாறு:

1. முடிவு தெரியாமை உணர்ச்சி இறுக்கத்தின் இன்றியமையாக் காரணமன்று. பாரதக் கூத்தில் முடிவை முன்பே அறிந்த அவையும் இறுகுகிறது.

2. தீர்வைத் தள்ளிப்போடும் இடைவெளியே கூத்திற்கும் சடுகுடுவிற்கும் பொதுவான அடிப்படை. கூத்து அதனை நாள்களால் அமைக்கிறது. சடுகுடு மூச்சாலும் வினாடிகளாலும் அமைக்கிறது.

3. மெய்ப்பாட்டியலின் நிலைக்களன்களை வைத்து நோக்கும்போது, துகிலுரிதல் அழுகையை அவ்விரவிலேயே வெளிப்படுத்தி, வெகுளியைப் படுகளம் வரை தொடரச் செய்கிறது. அவிழ்ந்த கூந்தல் அத்தொடர்ச்சியின் காட்சி அடையாளம்.

4. தொழிற்பகுதியின் காலமுறைக்குச் சடுகுடு எளிதில் பொருந்துகிறது. கூத்து பொருந்துவது கடினம். கூத்தைச் சுருக்க நேரின், ஓரிரவின் நீளத்தைக் குறைப்பதைவிட விழாவின் இடைவெளியை அழிப்பது பெரிய இழப்பைத் தரும்.

கும்மிடிப்பூண்டியில் இரவுப் பணி முடித்து வீடு திரும்பும் தொழிலாளி, படுகளத்தன்று காலையில் களத்தின் ஓரத்தில் நின்று கூந்தல் முடிப்பதைக் காண இயலும். அவருக்குக் கூத்தின் இரவுகள் கிட்டாமற்போகலாம். எனினும், அக்கூந்தல் இத்தனை நாளும் அவிழ்ந்திருந்தது என்பதை அவர் அறிந்திருக்கும்வரை பாரதம் அவ்வூரில் நிகழ்ந்துகொண்டுதான் இருக்கும்.